மாநிறம்

சித்ரா பௌர்ணமிக்கு வந்த கூட்டம் வடிந்துவிட்டது. கிரிவலப் பாதை வெயிலில் வெறிச்சென்று கிடந்தது. கூட்டம் போட்டுவிட்டுப் போன தொன்னைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் துப்புரவுப் பெண்கள் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். வளவன் மைதா மாவுப் பசையை மின்கம்பத்தில் தடவிக்கொண்டே வந்தான். பின்னால் அவனுடைய அக்கா புருஷன் இருசப்பன் நோட்டீசை ஒட்டி, உள்ளங்கையால் மேலிருந்து கீழாக நீவிக்கொண்டு வந்தார். மகளின் முகத்துக்கு மேல் வரும்போது மட்டும் அவர் கை மெதுவாகப் போனது.

மேலே பெரிய எழுத்தில் காணவில்லை. கீழே கல்யாணப் பட்டுப்புடவையில் வேதா. காமாட்சி விளக்கு வெளிச்சம் மாதிரி முகம் அப்படியொரு பளபளப்பு. பார்த்தவர்கள் யாரும் "ஐயோ பாவம்" என்பதற்கு முன்னால் "நல்லா லட்சணமா இருக்கே பொண்ணு" என்றுதான் சொன்னார்கள். வளவனுக்கு முதல் நாள் அது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது அவனுக்கே வெட்கமாக இருக்கும்.

வேதாவுக்கு வயிற்றில் எட்டு மாதப் பிள்ளை தங்காமல் போனதிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போளூரில் வாழ்க்கைப்பட்ட வீட்டார், "சரியானதும் அனுப்புங்க" என்று கீழ்பென்னாத்தூரில் தாய் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அவள் போன் போளூரிலேயே தங்கிவிட்டது. வளவனின் அக்கா கன்னியம்மாள், மகளுக்குச் சரியாக வேண்டும் என்று பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுவதாக அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டாள். சித்ரா பௌர்ணமி இரவு மகளோடு சுற்றும்போது, அடி அண்ணாமலைக்கு அருகில் மோர்ப் பந்தலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. கன்னியம்மாள் இரண்டு டம்ளர் மோர் வாங்கிக்கொண்டு திரும்பினாள். பின்னால் நின்ற பெண் இல்லை. அந்த இரண்டு டம்ளரையும் கையில் பிடித்துக்கொண்டே அவள் அந்த ஜனக்கடலில் விடியும்வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி அலைந்தாள்.

ஸ்டேஷனில் எழுதிக்கொண்ட பெண் போலீசுக்குப் பொறுமை ஜாஸ்தி. உயரம் கேட்டாள், உடுத்தியிருந்த துணி கேட்டாள். மெரூன் கலர் சுடிதார் என்றார் இருசப்பன்.

"நெறம்?"

கன்னியம்மாள் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "மாநிறங்க" என்றாள்.

பெண் பார்க்க வந்தவர்களிடமும் தரகரிடமும் ஜாதகம் எழுதியவரிடமும் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தை அவள் வாயில் பழகிப்போயிருந்தது. கறுப்பு என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

பெண் போலீஸ் படத்தைப் பார்த்தாள். "இன்னாம்மா மாநிறம்ங்கற? நல்லா செவப்பாத்தானே கீது பொண்ணு?"

அந்தத் துக்கத்திலும் கன்னியம்மாள் முகத்தில் ஒரு பூரிப்பு வந்துவிட்டுப் போனது. "ஆமாங்க" என்று தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற வளவன் அதைப் பார்த்தான். நோட்டீஸ் அடித்தவனும் சிவந்த நிறம் என்றே அடித்தான்.

பெண்ணைப் பெற்றவர்கள் வளவனின் போட்டோ ஸ்டுடியோவைத் தேடிவர ஒரு காரணம் இருந்தது. கேமராவுக்குள்ளே ஒரு மீட்டர் உண்டு. வெளிச்சத்தை அளந்து இவ்வளவு போதும் என்று சொல்லும். கேமராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆட்டோவில் விட்டால் அது சொன்னபடிதான் படம் விழும். ஆனால் அந்த மீட்டருக்குத் தெரிந்தது வெள்ளையும் இல்லாத, கறுப்பும் இல்லாத ஒரே ஒரு நடுவாந்தர நிறம். எதைக் காட்டினாலும் அந்த நடுவில் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கும். எருமையைக் காட்டினால் சாம்பல் எருமை, சலவை வேட்டியைக் காட்டினால் அழுக்கு வேட்டி. "கல்யாணத் தரகனும் கேமரா மீட்டரும் ஒண்ணு. ரெண்டு பேருக்கும் உலகத்துல எல்லாரும் மாநிறம்தான்" என்று வளவன் கிண்டல் செய்வான்.

அதனால் அவன் ஆட்டோ பக்கமே போகமாட்டான். எல்லாம் மேனுவல். மணமகளின் முகத்துக்கு நேரே கேமராவைப் பிடித்து, மீட்டர் முள் நடுக்கோட்டுக்கு வந்ததும், ஷட்டரை மெதுவாக்கி முள்ளை இரண்டு கோடு வலது பக்கம் தள்ளுவான். உள்ளே வெளிச்சம் கொட்டும். கறுத்த முகம் சிவந்து வரும். அதற்குமேல் கம்ப்யூட்டரில் ஒரு தேய்ப்பு. ஆல்பத்தைத் திறந்து பார்க்கும் தாய்மார்கள் கண் கலங்குவார்கள். ஊரில் ஆட்டோவில் அமுக்குகிற பையன்கள் எத்தனையோ பேர் வந்த பிறகும் வளவனுக்கு முகூர்த்த நாளில் ஓய்வு கிடையாது.

வேதா கல்யாணத்தில் அக்கா அவனைச் சமையற்கட்டுப் பக்கம் தனியே கூப்பிட்டாள். வடை வெந்துகொண்டிருந்த புகையில் நின்றுகொண்டு சொன்னாள்.

"வளவா, மாப்ள வூட்ல எல்லாம் வெள்ளத்தோலு. அவங்க நடுவுல எம் பொண்ணு கரிக்கட்ட மாதிரி நிக்கக் கூடாதுடா. நீ இன்னா செய்வியோ."

"நீ போக்கா. நான் பாத்துக்கறேன்."

மற்றவர்களுக்கு இரண்டு கோடு தள்ளினவன், அக்கா மகளுக்கு மூன்று கோடு தள்ளினான். ஆல்பம் வந்த அன்று உறவெல்லாம் கூடிப் புரட்டிப் பார்த்தது. "தாய்மாமன் சீர்ல இதுதான்டா பெரிய சீரு. மோதிரம் கம்மியானாலும் கலர் போட்டுட்டான் மாமன்" என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. வேதாவும் சிரித்தாள். படத்தை விரலால் தொட்டு, "இது நானா மாமா?" என்று கேட்டாள். அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

நோட்டீசைப் பார்த்து போன்கள் வந்தன. ஜனங்கள் நல்லவர்கள்தான். சேத்துப்பட்டில் ஒரு பெண் தனியாக நிற்கிறாள் என்று ஒருவர் கூப்பிட்டார். போட்டது போட்டபடி ஓடினார்கள். அது வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு செட்டியார் வீட்டுப் பெண். பஸ் ஸ்டாண்டில் இருக்கிறாள் என்று இன்னொருவர் கூப்பிட்டார். அங்கே உட்கார்ந்திருந்தது ஆந்திரப் பெண், பக்கத்திலேயே புருஷன். ரமணாசிரமத்துக்கு எதிர்ப்பக்கம் செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் வந்து உட்காரும் காபிக் கடை ஒன்றிலிருந்து போன் வந்தபோது இருசப்பன் வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் ஓடினார். பருத்திப் புடவை கட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அந்தப் பெண் வடநாட்டுக்காரி. கிழவர் அழுவதைப் பார்த்து அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. இந்தியில் என்னமோ சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இவரும் தலையாட்டினார். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

வெளியே வந்து இருசப்பன் சாக்கடைக் கட்டையில் உட்கார்ந்தார். எதிரே மலை கானலில் நடுங்கிக்கொண்டு நின்றது. வளவன் வாங்கிக் கொடுத்த சோடாவை அவர் குடிக்காமல் வைத்திருந்தார்.

"வளவா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே?"

"கேளு மாமா."

"கூப்புடறவங்க எல்லாம் செவத்தப் பொண்ணா இல்ல காட்றாங்க? எம் பொண்ணு எங்கடா செவப்பு? நான் கறுப்பு, உங்க அக்கா கறுப்பு. கொல்லையில வேல செய்யிற ஜனம். அவளுக்கு மட்டும் எப்படி வந்துச்சி அந்த நெறம்?"

வளவன் கையில் மிச்சமிருந்த நோட்டீசைப் பார்த்தான். இத்தனை நாள் பசையைத் தடவித் தடவி ஒட்டியது யாருடைய படம்?

ஸ்டுடியோவுக்கு வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தான். பட்டுப்புடவை இருண்டது, மாலை இருண்டது, பின்னால் நின்ற மாமியார் இருண்டாள். வேதாவின் முகம் மட்டும் கறுப்பாகவில்லை. சாம்பல் பூத்தது. நெற்றியும் கன்னமும் மூக்கும் ஒரே சுண்ணாம்புப் பரப்பு. இடது கண்ணுக்குக் கீழே, சின்ன வயதில் கதிர் அரிவாள் கிழித்த தழும்பு ஒன்று அவளுக்கு உண்டு. அதைத் தேடினான். அது இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வெளிச்சத்தைக் கொட்டிக் கொட்டி அவனே அதை எரித்துவிட்டிருந்தான். இருட்டில் மறைந்ததைத் தோண்டி எடுக்கலாம். எரிந்ததை எடுக்க முடியாது. இது தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் விடாமல் மவுசை இழுத்துக்கொண்டே இருந்தான்.

அவன் மனைவி ரேவதி கேழ்வரகுக் கூழைச் சொம்பில் கொண்டுவந்தாள். பச்சை மிளகாயும் வெங்காயமும் தட்டில் இருந்தன. அவன் தொடவில்லை.

"வேற படமே இல்லியா?" என்றாள்.

"எங்க கீது? ஆதார்ல கீறது அவளே இல்ல, யாரோ. ஸ்கூல்ல எடுத்தது குரூப் போட்டோ, பட்டாணி மாதிரி மூஞ்சி. என் போன்ல கீறதெல்லாம் பியூட்டி மோடு. தேச்சித் தேச்சி மூக்கே இல்ல. இந்தக் காலத்துல ஆட்டுக்குட்டிக்குக் கூட ஆயிரம் படம் கீது. இவளுக்கு ஒண்ணு இல்ல பாரு."

ரேவதி சொம்பை மூடி வைத்தாள்.

"நான் எடுத்தேனே ஒண்ணு."

"நீயா?"

"பந்தக்கால் நட்ட அன்னிக்கி. நீங்க டீ குடிக்கிறதுக்காக கேமராவ என் கையில குடுத்தீங்க. அந்தச் சக்கரத்தத் திருப்பி ஆட்டோல வச்சி, அமுக்கு போதும்னீங்க. வேதா கடலக்கொடி போருகிட்ட நின்னுகினு இருந்தா. நான் அமுக்கினேன். உங்க அக்கா பாத்துட்டு, இன்னா இவ்ளோ கறுப்பா கீறா, அழிச்சிடுன்னாங்க. நீங்களும், ஆட்டோல எடுத்ததெல்லாம் ஒரு படமான்னு சிரிச்சீங்க."

அவளுக்கு அது மறக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. வளவன் பழைய மெமரி கார்டுகளைப் போட்டுவைத்திருந்த பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தான். ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தான். படம் இருந்தது.

கொடிப் போரின் மங்கிய பழுப்பு, அதன் முன்னால் வேதா. பின்னணியும் நடுவாந்தரம், நிழலும் நடுவாந்தரம். மீட்டர் குழம்ப அங்கே ஒன்றும் இல்லை. உள்ளது உள்ளபடி விழுந்திருந்தது. எண்ணெய் மினுங்கும் நல்ல கறுப்பு முகம். கண்ணுக்குக் கீழே தழும்பு. படமெடுத்த ரேவதி அத்தையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். கன்னியம்மாளின் தாடை, இருசப்பனின் நெற்றி, எல்லாம் அப்படியே இருந்தன. வளவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பெரிய ஆம்பிளை என்றுகூடப் பார்க்காமல் அழுதான்.

பிரிண்ட் போட்டு கீழ்பென்னாத்தூருக்கு எடுத்துப்போனான். கன்னியம்மாள் வாசலில் காய்ந்த கடலையை உடைத்துக்கொண்டிருந்தாள். விதைக்கா, விற்கவா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. சும்மா இருக்க முடியாமல் உடைத்துக்கொண்டிருந்தாள். படத்தை வாங்கிப் பார்த்ததும் சட்டென்று கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதையா ஊர் பூரா ஒட்டப்போற?"

"ஆமாக்கா."

"வோணாண்டா. அவ புருஷன் வூட்டுக்காரங்க யாருனா பாத்தா? நாளைக்கி அவ திரும்பிப் போயி வாழ வோணாமா? பொய்ப் படத்தக் காட்டி ஏமாத்திக் கட்டி வச்சீங்கன்னு சொல்ல மாட்டாங்க?"

"அக்கா, அவங்க அவள நேர்லயே பாத்துட்டாங்க. ஒரு வருஷம் கூட வச்சிகினு இருந்தாங்க. நோட்டீசப் பாக்கற ஊர்க்காரங்கதான் அவளப் பாத்ததில்ல."

"அதுக்கில்லடா..."

"இன்னாத்துக்கும் இல்ல" என்றார் இருசப்பன். வாழ்க்கையில் அவர் மனைவியை எதிர்த்துப் பேசிக் கேட்டவர்கள் குறைவு. "எம் பொண்ணு கறுப்பு. கறுப்புப் பொண்ணக் காணோம்னுதான் நான் தேடறேன். நீ யாரத் தேடற?"

கன்னியம்மாள் படத்தைத் திருப்பினாள். கடலைத் தூசி படிந்த கட்டை விரலால் அந்தத் தழும்பைத் தடவினாள். பிறகு படத்தை வாயோடு வைத்து அழுத்திக்கொண்டு, முன்னும் பின்னுமாக ஆடினாள். "இதான்டா. இதாண்டா எம் பொண்ணு. எஞ் சாமி, வளவா, இதான்டா" என்றாள்.

புது நோட்டீஸ்களோடு மூன்று பேரும் வந்து மறுபடியும் பாதையில் இறங்கினார்கள். வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று பார்த்தார்கள், முடியவில்லை. ஒரு நோட்டீஸ் ஒட்டுவதற்குள் பசை காய்ந்து போனது. குபேர லிங்கம் தாண்டி ஒரு புங்கமர நிழலில் ஜோதியம்மாள் இட்லிக்கடை போட்டிருந்தாள். தள்ளுவண்டி, ஒரு மண்ணெண்ணெய் டின், இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். பக்கத்து மின்கம்பத்தில் பழைய நோட்டீஸ் இன்னும் கிழியாமல் இருந்தது. முதல் தடவை இருசப்பனே இவளிடம் காட்டிக் கேட்டார். இல்லை என்று சொன்னவள், பாவம், அவருக்கு இட்லி கொடுத்துக் காசு வாங்கவில்லை.

"வாங்க பெரியவரே. இன்னும் கெடைக்கலயா?" என்றாள்.

"இந்தப் படத்தைக் கொஞ்சம் பாரும்மா. இதுல நல்லாத் தெரியும்."

ஜோதியம்மாள் மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கண்ணைச் சுருக்கினாள். மறுபடியும் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து வளவன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான்.

"இந்தப் பொண்ணா?"

"தெரியுமா? பாத்தியா? யம்மா, பாத்தியா?" கன்னியம்மாள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இது இங்கதானே இருந்துச்சி. பௌர்ணமி கழிஞ்சதுல இருந்து இங்கதான். யாரோ தானம் குடுத்த காவிச் சேலையைச் சுத்திகினு, இதோ இந்தக் கம்பத்தடியிலதான் உக்காந்துகினு இருந்துச்சி. இட்லி குடுத்தா துன்னும். குடுக்கலன்னா கேக்காது. இந்தத் தழும்பு இருந்துச்சி கண்ணுக்குக் கீழ, நான்தான் இன்னாம்மா இதுன்னு கேட்டேனே. அருவான்னு சொல்லிச்சி."

"நான் வந்து கேட்டனேம்மா" என்றார் இருசப்பன்.

"நீங்க வந்தீங்க. அன்னிக்கி அது அந்தக் கொழாயண்ட மூஞ்சி கழுவிகினு இருந்துச்சி. நீங்க காட்டினது செவத்தப் பொண்ணு, பட்டுப் பொடவை, நகை. நான் இன்னாத்த கண்டேன் பெரியவரே? நானும் ஒரு பொண்ணப் பெத்தவதான்."

அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. இருசப்பன் குழாயைப் பார்த்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

"இப்ப எங்க? எங்க போச்சி?" என்றான் வளவன்.

"நேத்துக் காலையில ஒரு வேனு நின்னுச்சி. வெளியூர்க்காரங்க, சாமியாருங்களுக்கு சோத்துப் பொட்டலம் குடுத்தாங்க. கெளம்பறப்போ அதுவும் கூட ஏறிகினு போயிடுச்சின்னு பூக்காரி சொன்னா. நான் பாக்கல தம்பி, கடையில கூட்டம். தெலுங்கு பேசினாங்கங்கறா ஒருத்தி. இல்ல, கன்னடம்ங்கறா இன்னொருத்தி."

வளவன் ஸ்டேஷனுக்குப் போன் போட்டான். வேன் நம்பர் என்ன என்று கேட்டார்கள். கலராவது தெரியுமா என்று கேட்டார்கள். வெள்ளை என்று ஜோதியம்மாள் சொன்னதை அவன் சொன்னான். இந்த ஊருக்கு வருகிற வேன் எல்லாமே வெள்ளைதான்.

கன்னியம்மாள் கம்பத்தடியில் போய் உட்கார்ந்தாள். மகள் உட்கார்ந்திருந்த மண்ணை இரண்டு கையாலும் தடவினாள். அவள் தலைக்கு மேலே பட்டுப்புடவை கட்டிய சிவந்த பெண் பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது பேசிச்சா?" என்றாள் கன்னியம்மாள். "அம்மானு ஏதாவது சொல்லிச்சா?"

ஜோதியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பைத் தணித்தாள். தட்டை எடுத்து இடம் மாற்றி வைத்தாள்.

"பாத்தா சொல்லுன்னு பெரியவரு சொல்லிட்டுப் போனாரேன்னு வரவங்க போறவங்க எல்லாரையும் நான் கேட்டுகினுதான் இருந்தேன். அதுங்கிட்டயும் கேட்டேன். இந்தக் கம்பத்துல கீற படத்தக் காட்டி, இந்தப் பொண்ண எங்கனா பாத்தியாம்மான்னு. எழுந்து கிட்ட போயி ரொம்ப நேரம் பாத்துச்சி. தெரியாதுன்னு தலையாட்டிச்சி."

"அவ்ளோதானா?"

"அப்புறம், நல்லா செவப்பா கீறால்லக்கான்னு கேட்டுச்சி. சொல்லிட்டுத் திரும்பி உக்காந்துகிச்சி."

வாளியில் பசை ஆடைகட்டிப் போயிருந்தது. வளவன் புது நோட்டீஸ் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இனி அதை எந்த ஊரில் கொண்டுபோய் ஒட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.